முள்ளோடைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்: தொழில்முறை விளையாட்டு வீரர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு விடிகாலையில் போனால் ஓட்டப்பாதை முழுக்கப் பிள்ளைகள். மாலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். ஓர் ஆட்டத்தின் ஃபீல்டர் அடுத்த ஆட்டத்தின் பிட்ச் ஓரத்தில் நிற்பான். தேவனாம்பட்டினம் மணலில் கால்பந்து. புதுச்சேரி உப்பளம் மைதானத்திலும் இதே கூட்டம்தான். பொங்கல் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் கபடி. இத்தனை பேர் ஆடுகிறார்கள். இவர்களில் விளையாட்டை மட்டுமே வைத்துப் பிழைக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லாமல் போகவும் வாய்ப்பு நிறையவே இருக்கிறது.

ஏன் அப்படி என்று கேட்டால் நம் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "உழைப்பு பத்தலை." பிள்ளைகளும் அதை நம்பிவிடுகிறார்கள். பதினெட்டு வயதில் அணியில் இடம் கிடைக்காத பையன், தன்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவதையே விட்டுவிடுகிறான். இந்தப் பதில் மேல் எனக்குக் கோபம் உண்டு. அது கொடுமையானது என்பது ஒருபுறம். கணக்காகப் பார்த்தாலும் அது தவறு. அந்தக் கணக்கை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், தொழில்முறை வீரர் என்றால் யார்? மாவட்ட அணியில் ஆடுபவர் அல்ல, மாநில அளவில் பதக்கம் வாங்கியவரும் அல்ல. ஒப்பந்தச் சம்பளமோ ஆட்டக் கட்டணமோ பரிசுப் பணமோ, விளையாட்டிலிருந்து வரும் வருமானத்திலேயே குடும்பம் நடத்துபவர்தான் தொழில்முறை வீரர். ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி, அந்தச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு ஆடுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்கள் வேறு வகை. அவர்களைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இடத்தின் எண்ணிக்கைதான் முதலில் வருகிறது

ஐ.பி.எல். போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 10 அணிகள். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். ஆக மொத்தம் 250 இடம். அதில் அணிக்கு 8 வரை வெளிநாட்டு வீரர்கள் இருக்கலாம் என்பதால் 80 இடம் அவர்களுக்குப் போய்விடும். மீதி 170. இந்தியா முழுக்கக் கிரிக்கெட் ஆடும் அத்தனை பேருக்கும் அங்கே இருப்பது இந்த 170 இடம்தான். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். ஏலப் பட்டியல் வரை வந்தவர்கள் 577 பேர். விலை போனவர்கள் 182 பேர். பெயர் கொடுத்த அந்த 1,574 பேருமே ஏற்கெனவே பல படிகளைத் தாண்டி வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது மறுபக்கத்துக் கணக்கு. ஒரு பையன் நன்றாக ஆடினால் "ஆயிரத்தில் ஒருத்தன்" என்று பாராட்டுவோம். பெரிய பாராட்டுதான். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி கடலூர் மாவட்டத்தில் மட்டும் 26 லட்சம் பேர். ஆயிரத்தில் ஒருவர் என்றால் இந்த ஒரு மாவட்டத்திலேயே 2,600 பேர் வருகிறார்கள். 140 கோடிப் பேருள்ள நாட்டில் 14 லட்சம் பேர். குழந்தைகளையும் முதியவர்களையும் பெண்களையும் கழித்து, ஆடும் வயதுள்ள ஆண்கள் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட இரண்டு லட்சத்துக்கு மேல். இருப்பதோ 170 இடம். ஆயிரத்தில் ஒருவனாக இருப்பது போதாது. லட்சத்தில் ஒருவனாக இருந்தாலும் போதாது. அந்தப் பையன் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்தாலும் இடம் 171 ஆகப் போவதில்லை.

இந்த விஷயத்தில் புதிதாக வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். திறமைசாலிகள் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஆகவே இத்தனை இடம் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. இடம் முதலில் தீர்மானமாகிறது. அதை நிரப்பும் அளவுக்கு ஆட்களைப் பொறுக்கி எடுத்ததும் கதவு மூடிவிடுகிறது. வெளியே நிற்பவர்களில் பலரும் உள்ளே போனவர்களுக்குச் சமமாக ஆடக்கூடியவர்கள்தான்.

சரி, இடத்தைத் தீர்மானிப்பது யார்? இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே முள்ளோடை வந்துவிடும். அங்கே மாநில எல்லை. இந்தப் பக்கம் பிறந்த பையன் தமிழ்நாட்டு அணிக்கு முயற்சி செய்ய வேண்டும். அந்தப் பக்கம் பிறந்த பையன் புதுச்சேரி அணிக்கு. 2018-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் 9 புதிய அணிகளை, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைக்குள் சேர்த்துக்கொண்டது. புதுச்சேரி அவற்றில் ஒன்று. 2018-19 பருவத்தில் ரஞ்சி அணிகளின் எண்ணிக்கை 28-லிருந்து 37 ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு வரை புதுச்சேரி என்ற பெயரில் முதல்தர அணியே கிடையாது. ஒரே வருடத்தில் பதினைந்து இருபது பேருக்கு இடம் பிறந்தது. அந்த ஒரு வருடத்தில் பாகூரிலோ வில்லியனூரிலோ பையன்களின் கை கால் மாறிவிடவில்லை. மாறியது வாரியத்தின் ஒரு முடிவு மட்டும்தான்.

2011 கணக்குப்படி புதுச்சேரியின் மக்கள்தொகை 12.48 லட்சம், தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, அதாவது கிட்டத்தட்ட 58 மடங்கு. ஆனால் இரண்டுக்கும் ரஞ்சியில் ஒரே ஓர் அணி, மைதானத்தில் இறங்குவது அதே 11 பேர். முள்ளோடைக்கு இந்தப் பக்கம் இருப்பதா அந்தப் பக்கம் இருப்பதா என்பது, ஒரு பந்துவீச்சாளரின் வாய்ப்பை அவருடைய வேகத்தை விடவும் அதிகமாக மாற்றிவிட முடியும். இதை அப்படியே குறுக்குவழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லை தாண்டி ஆட வேண்டுமானால் பிறப்பு, படிப்பு, வேலை என்று ஆவணம் காட்ட வேண்டும். சிறிய அணிகள் வெளியிலிருந்து மூன்று தொழில்முறை வீரர்கள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அந்த 11 இடத்திலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது குறைகிறது. துத்திப்பட்டு மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

கபடியில் இதே கதை இன்னும் தெளிவாகத் தெரியும். 2014-க்கு முன்னால் இந்தியாவின் மிகச் சிறந்த கபடி வீரராக இருந்தாலும் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலை வாங்குவதுதான் உச்சம். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-ல் 12 அணிகளாக விரிந்தது. தமிழ் தலைவாஸ் அணி வந்ததும் அப்போதுதான். 2023 ஏலத்தில் பவன் செராவத் என்ற ஒரே வீரரை 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்து எடுத்தார்கள். கபடி அதே கபடிதான். வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்க்கக் கோடிக்கணக்கானவர்கள் வந்தார்கள், அவர்களைத் தேடி விளம்பரம் வந்தது, விளம்பரத்தோடு சம்பளம் வந்தது.

பார்க்கிறவர்களின் நேரமும் காசும் எவ்வளவோ அவ்வளவுதான் இடம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஷெர்வின் ரோசன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1981-ல் இதை விளக்கினார். ஓர் ஊரில் முடிதிருத்துபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு நாளைக்குச் சிலருக்குத்தான் வெட்ட முடியும், அதனால் சுமாரான வேலைக்காரருக்கும் ஊரில் பிழைப்பு உண்டு. விளையாட்டு அப்படி இல்லை. மிகச் சிறந்த 22 பேர் ஆடும் ஆட்டத்தை ஒருவர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் ஆடுகிறவர்களுக்கு அதே உழைப்புதான். அப்படியிருக்க, இரண்டாம் தர ஆட்டத்தைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள்? மாவட்டத்தில் மிகச் சிறந்த மருத்துவர் நன்றாகவே சம்பாதிப்பார், நூறாவது இடத்தில் இருப்பவரும் சம்பாதிப்பார். மாவட்டத்தின் மிகச் சிறந்த கால்பந்து வீரருக்கு எந்த வருமானமும் இல்லாமல் போகலாம். தொழிலின் அமைப்பே அப்படி.

கிடைத்த இடமும் நிலையானதல்ல. 2019-ல் புரோ வாலிபால் லீக் ஆரம்பித்தார்கள். ஒரே பருவத்தோடு நின்றது. வேறு பெயரில் புதிய லீக் வர 2022 ஆனது. 2025-ல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் உரிய நேரத்தில் தொடங்காமல் நின்றபோது சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. நாட்டின் உச்ச நிலைக் கால்பந்து வீரர்களுக்கே இந்த நிலை.

டென்னிஸ் மாதிரி தனிநபர் விளையாட்டில் அணியும் இல்லை, இட எண்ணிக்கையும் இல்லையே என்று கேட்கலாம். அங்கே பணமே வடிகட்டி. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013-ம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. அந்த ஆண்டு தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்கள் ஏறக்குறைய 14,000 பேர். அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஒரு டாலர்கூடப் பரிசாகப் பெறவில்லை. பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே, வரவும் செலவும் சமமாக ஆண்களில் சுமார் 336-வது தரவரிசைக்குள் இருக்க வேண்டியிருந்தது, பெண்களில் 253. உலகத்தில் 400-வது இடம்! வேறு எந்தத் தொழிலிலாவது உலகத்தின் 400-வது ஆள் கைக்காசு போட்டு வேலை செய்வாரா?

உச்சியில் இருப்பவர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம்?

குறைவான இடத்துக்கு நிறையப் பேர் மோதும்போது என்ன ஆகும் என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டி ஒன்று போதும். நோவா லைல்ஸ் 9.79 விநாடி, தங்கம். இரண்டாவது வந்த கிஷேன் தாம்ப்சனும் 9.79. ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடியில் தங்கம் கைமாறியது. எட்டாவதாக, கடைசியாக வந்தவர் 9.91. முதல்வருக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 0.12 விநாடி. அந்த ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற 10.00 விநாடி ஓட வேண்டும். 2025 ஜூலையில் அனிமேஷ் குஜூர் புதிய இந்தியச் சாதனை படைத்தபோது அவர் ஓடிய நேரம் 10.18. நாட்டின் வரலாற்றிலேயே வேகமாக ஓடியவர் அந்தத் தகுதிக்கு வெளியே நின்றார். அண்ணா விளையாட்டரங்கில் 11 விநாடியில் ஓடும் பையனைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருக்கும். அந்த 11-க்கும் 10-க்கும் நடுவே ஒரு நாடே அடங்கியிருக்கிறது.

இந்தக் கடைசி விநாடியை உழைப்பு மட்டும் வாங்கித் தராது. பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் எதிலும் வல்லவராகலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டுத் திறனில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 18 சதவீதத்தைத்தான் முறையான பயிற்சியின் அளவு விளக்கியது. உச்ச நிலை வீரர்களை மட்டும் எடுத்தால் அது 1 சதவீதம். பயிற்சி தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த உயரத்தில் எல்லோருமே ஏற்கெனவே மாடாய் உழைப்பவர்கள், அதனால் உழைப்பு அங்கே யாரையும் பிரித்துக்காட்டுவதில்லை. மீதியை உடல்வாகு, நல்ல பயிற்சியாளர், காயம்படாத அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

பிறந்த மாதம்கூட இதில் வருகிறது என்றால் நம்புவீர்களா? கிரிக்கெட் வாரியத்தின் வயதுப்பிரிவுப் போட்டிகளுக்கு செப்டம்பர் 1 தான் வயதுக் கணக்கு. செப்டம்பரில் பிறந்த பையனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பையனும் ஒரே பிரிவில் மோதுவார்கள். பதினாலு வயதில் பதினோரு மாத இடைவெளி என்பது சில அங்குல உயரம், சில கிலோ எடை. பெரியவன் தேர்வாகிறான், தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியும் நிறைய ஆட்டமும் கிடைக்கின்றன, அடுத்த வருடம் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கியில் 1980-களில் இதை முதலில் கவனித்தார்கள். அங்கே ஜனவரி 1 கணக்கு, அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் நிரம்பியிருந்தார்கள். பிறகு ஐரோப்பியக் கால்பந்திலும் இதே போக்கைக் கண்டார்கள். வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் நம் ஊரில் ஏன் இவ்வளவு வேரூன்றியது என்பதும், அதைப் பிடிக்க வாரியம் ஏன் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான்.

பெற்றோர்களிடம் நான் அடிக்கடி சொல்ல நினைக்கும் செய்தி ஒன்று உண்டு. சிறு வயதில் ஜெயிப்பவர்களும் பெரியவர்களான பின் ஜெயிப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் இல்லை. பல விளையாட்டுகளின் தரவைத் தொகுத்த ஓர் ஆய்வில், 17, 18 வயதுப் பிரிவில் சர்வதேச அளவில் ஆடியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெரியவர்களுக்கான போட்டியில் அந்த நிலையை எட்டவில்லை. பெரியவர்களில் சர்வதேச அளவை எட்டியவர்களில் பத்தில் எட்டுப் பேர் அந்த இளம் வயதில் அந்த நிலையில் இருந்தவர்களே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை குறுவட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதும் பள்ளிப் படிப்பைக் குறைத்து அகாடமியில் லட்சம் லட்சமாகக் கட்ட வேண்டாம். முதல் சுற்றிலேயே தோற்ற பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். அந்த வயதில் யாராலும் கணித்துச் சொல்ல முடியாது.

இந்த மாவட்டத்திலிருந்து போனவர்கள்

இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். 10 மீட்டர் ஏர் ரைபிளில் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காகச் சுட்டவர். ஆனால் மிகச் சிறிய வயதிலேயே அவர் குடும்பம் குஜராத்துக்குப் போய்விட்டது. துப்பாக்கி சுடுதலைக் கற்றது அங்கேதான். அவர் இங்கேயே வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கூர்மையான கண்ணும் நடுங்காத கையும் அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் அவை எந்த இலக்குப் பலகையையும் பார்த்திருக்குமா? தன்னிடம் இப்படி ஒரு திறமை இருக்கிறது என்பதே தெரியாமல் அவர் வேறு எதையோ செய்துகொண்டிருந்திருக்கலாம். இப்படித் தங்களுக்கே தெரியாமல் போன துப்பாக்கி வீராங்கனைகளும் வாள்வீச்சு வீரர்களும் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது. அப்புறம், அவ்வளவு தூரம் போன இளவேனில்கூட பாரிஸில் தகுதிச் சுற்றில் 10-வது இடம். இறுதிச் சுற்றுக்குப் போவது 8 பேர் மட்டும்.

மறுபக்கம், இங்கேயே வாய்ப்பு உருவானால் என்ன நடக்கும் என்பதையும் கடலூர் காட்டியிருக்கிறது. பெண்கள் கால்பந்தில் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்க்காரர். இந்தியாவுக்காக ஆடிய சந்தியா ரங்கநாதனும் இதே மாவட்டம். கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அணி 2017-18-ல் இந்தியப் பெண்கள் லீக்கிலேயே ஆடியது. நீரிலோ மண்ணிலோ தனியாக ஏதோ இருப்பதால் கடலூரில் கால்பந்து வீராங்கனைகள் பிறக்கவில்லை. ஓர் ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுத்து, சாப்பாடு போட்டு, வருடக்கணக்கில் கூடவே நிற்கும் பயிற்சியாளர் இருந்தால் அங்கே வீராங்கனைகள் வருவார்கள். அவர் அடுத்த ஊரில் இருந்திருந்தால் அடுத்த ஊரிலிருந்து வந்திருப்பார்கள்.

இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் சென்னைச் சாலையில் நின்று பணி செய்தார். நாட்டுக்காக ஆடும் ஒருவர் வாழ்க்கைக்குக் காக்கிச் சட்டை போட வேண்டியிருக்கிறது. பெண்கள் கால்பந்தைக் காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு என்பதால்தான் இந்த நிலை. நான் மேலே சொன்ன இடக் கணக்குதான் இது.

கபடியில் நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. ஊர்த் திருவிழா ஆட்டம் மண்ணில், வெறுங்காலில் நடக்கும். புரோ கபடி 'மேட்' என்ற விரிப்பின் மேல், ஷூ போட்டு. மண்ணில் சறுக்கித் திரும்பும் கால், அந்த விரிப்பில் பிடித்துக்கொள்ளும். பழகாதவனுக்கு முட்டியில்தான் அடி விழும். மேட் விரித்துப் பயிற்சி கொடுக்கும் இடம் பக்கத்தில் இல்லையென்றால், ஊரில் யாராலும் பிடிக்க முடியாத ரெய்டரும் தேர்வு முகாமில் தடுமாறுவார்.

"ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்ற வார்த்தையைக் கேட்காத மைதானம் கிடையாது. முட்டி ஜவ்வு முழுசாகக் கிழிந்தால் அறுவை சிகிச்சை, பிறகு களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். பெரிய அணியின் வீரருக்கு மருத்துவர், பிசியோ, சம்பளம் எல்லாம் காத்திருக்கும். பத்தொன்பது வயது மாவட்ட வீரருக்கு அந்த ஒரு வருடத்தில் தேர்வு வயது தாண்டிப் போய்விடும், வீட்டில் வேலைக்குப் போகச் சொல்வார்கள். பெரும்பாலான விளையாட்டு வாழ்க்கைகள் இப்படி யாருக்கும் தெரியாமல்தான் முடிகின்றன.

இவை எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கப்படுபவை என்பதுதான் முக்கியம். ஒரு பிள்ளைக்குப் பொருத்தமான உடல்வாகு, பக்கத்தில் மைதானம், நல்ல பயிற்சியாளர், வீட்டின் ஆதரவு, செலவுக்குப் பணம், பெரிய காயம் இல்லாமை, தேர்வு நாளன்று நல்ல ஆட்டம், அந்த வருடம் அணியில் காலியிடம் என்று எட்டு விஷயமும் அமைய வேண்டும் என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தாராளமாகவே கொடுத்தாலும், எட்டும் சேர்ந்து அமைவது 256-ல் ஒருவருக்குத்தான். உண்மையில் பாதிக்குப் பாதி எங்கே இருக்கிறது?

"அப்போ நடராஜன்?" என்று யாராவது கேட்பார்கள். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி, இந்திய அணிக்குப் போனவர். பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பியது, திருத்திக்கொண்டு வந்தார். முட்டியில் அறுவை சிகிச்சை, அதையும் தாண்டி வந்தார். அவரைப் பார்த்து எனக்கும் பெருமைதான். ஆனால் ஒருவர் எப்படி ஜெயித்தார் என்று தெரிந்துகொள்வதற்கு, அதையே செய்து ஜெயிக்காதவர்களையும் பார்க்க வேண்டும். அவரோடு டென்னிஸ் பந்தில் ஆடி, அதே அளவு வியர்வை சிந்தியவர்களை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுக்காது. நமக்குக் கண்ணில் படுவது ஜெயித்தவர் மட்டும்தான், அதனால் உழைத்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. நடராஜன் விஷயத்தில் இட எண்ணிக்கையும் கை கொடுத்தது. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் 8 அணிகளோடு தொடங்கி, மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு டி.வி.யில் தெரியும் மேடையைக் கொடுத்தது. மறு வருடமே அவர் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். அந்த லீக் ஐந்து வருடம் தள்ளி வந்திருந்தால்?

உச்சிக்கும் வீட்டுக்கும் நடுவில்

அந்த 170 இடத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ரஞ்சி அணியில் 20 ஆட்டத்துக்குள் ஆடியவருக்கும் 2021 முதல் ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். 40 ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு 60,000. ஆடும் பதினொருவரில் இல்லாமல் மாற்று ஆளாக உட்கார்ந்தால் பாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடும் நாளுக்குத்தான் இந்தப் பணம், வருடத்தில் பெரும்பகுதி ஆட்டம் கிடையாது.

அதற்கும் கீழேதான் நம் நாட்டில் பெரும்பாலானவர்களை விளையாட்டு உண்மையில் வாழவைக்கும் தளம் இருக்கிறது: ரயில்வே, காவல்துறை, ராணுவம், வங்கி அணிகள். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் ஒதுக்குகிறார்கள். புரோ கபடியின் 12 அணிகளும் தலா 25 பேரை எடுத்தால்கூட மொத்தம் 300 தான். அதுவும் நாடு முழுவதற்கும். விளையாட்டு ஒரு பிள்ளையைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாய்ப்பு, அது ஒரு பிள்ளையை லீக் வீரராக்கும் வாய்ப்பை விடப் பல மடங்கு பெரியது. எங்கள் பக்கத்து வீடுகளில் இதை இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதில் பிள்ளைகள் ஏமாறும் இடம் சான்றிதழ். எல்லாச் சான்றிதழும் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பள்ளிக்கல்வித் துறை நடத்தும் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் போட்டிகள் ஒரு வரிசை. அங்கீகாரம் பெற்ற விளையாட்டுச் சங்கம் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகள் இன்னொரு வரிசை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி வேறொன்று. எந்த நிலைக்கு எந்தப் படிவத்தில், யார் கையெழுத்தோடு சான்றிதழ் வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. இவற்றில் எதிலும் சேராமல், பணம் கட்டினால் யாரும் போகலாம் என்று "தேசியப் போட்டி", "சர்வதேசப் போட்டி" நடத்துபவர்களும் இருக்கிறார்கள். வெளியூர் போய் வந்து பதக்கத்தோடு போஸ்டர் அடித்த பிறகு, கலந்தாய்வில் அந்தத் தாள் செல்லாது என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. பணம் கட்டுவதற்கு முன்பே, அந்தப் போட்டியை நடத்தும் சங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கடலூரில் அந்த அலுவலகம் அண்ணா விளையாட்டரங்கிலேயே இருக்கிறது, பள்ளி பி.இ.டி. சாரிடம் கேட்டாலும் சொல்வார்.